பிழையின் உறையைப் பிரிப்போம்: மொபைல் செயலியில் எரர் விவரங்களை எடுப்பது

சென்ற மாம்பழ சீசனில் ஒரு நாள் இரவு பத்தரை மணிக்கு எனக்கு போன் வந்தது. காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாம்பழக்கூழ் ஆலை வாசலில் லோடு வண்டியோடு நின்றிருந்த விவசாயி பேசினார். வண்டிகளுக்கு முன்கூட்டியே டோக்கன் போடும் சின்ன செயலி ஒன்றை அந்தப் பகுதி விவசாயிகளுக்காக நான்தான் எழுதிக் கொடுத்திருந்தேன்.

“தம்பி, வண்டி நம்பரைப் போட்டா ‘பிழை ஏற்பட்டது’ன்னு வருது. நாலு தடவை போட்டுட்டேன். என்ன பிழைன்னு சொன்னாத்தானே நான் ஏதாவது பண்ண முடியும்?”

சர்வரின் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். அவர் மகன் மதியமே அதே வண்டிக்கு வீட்டிலிருந்து டோக்கன் போட்டிருக்கிறான். டோக்கன் எண் 47. “இந்த வண்டி ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது, டோக்கன் 47” என்று சர்வர் நான்கு தடவையும் தெளிவாகப் பதில் அனுப்பியிருக்கிறது. அந்தப் பதில் அவருடைய போன் வரைக்கும் வந்து சேர்ந்தும் விட்டது. நான் எழுதிய கோடுதான், அதாவது நிரல்தான், அதைப் பிரித்துப் பார்க்காமல் தூக்கிப் போட்டுவிட்டு, “பிழை ஏற்பட்டது” என்ற இரண்டு வார்த்தையைத் திரையில் காட்டியிருக்கிறது. 47ஆம் எண் கூப்பிட்டு முடிந்து வெகுநேரம் ஆகியிருந்தது. பெங்களூரா பழம் ஒரு வண்டி நிறைய, விடியும் வரை ரோட்டிலேயே நின்றது.

அன்றைக்கு மனசு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. அதிலிருந்து, செயலி எழுதக் கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் கிருஷ்ணகிரியிலோ தர்மபுரியிலோ ஓசூரிலோ யார் என்னிடம் வந்தாலும், இந்த ஒரு விஷயத்தை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கிறேன். எரர் என்றால் திரையில் வரும் ஒரு வாக்கியம் என்றுதான் பெரும்பாலும் நினைக்கிறார்கள். “கேட்ச் போட்டு பிரிண்ட் பண்ணிவிட்டால் போதும்” என்று சீனியர்களும் சொல்லிவிடுகிறார்கள். அது போதாது. ஏன் போதாது என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம். ஏதாவது ஒரு மொழியில் நான்கு வரி கோடு எழுதிப் பழகியிருந்தால் இந்தக் கட்டுரைக்குப் போதும்.

ஒகேனக்கல் பலகை

ஒகேனக்கல்லுக்குக் குடும்பத்தோடு போகிறீர்கள். பரிசல் துறையில் “இன்று பரிசல் இல்லை” என்று ஒரு பலகை மட்டும் தொங்குகிறது. என்ன செய்வீர்கள்? ஒரு மணி நேரம் காத்திருக்கலாமா, இரவு தங்கி நாளைக்குப் பார்க்கலாமா, மீன் சாப்பிட்டுவிட்டுப் பேருந்து ஏறலாமா, ஒன்றும் முடிவு செய்ய முடியாது.

அதே இடத்தில், “பிலிகுண்டுலுவில் நீர்வரத்து 40,000 கனஅடி, அதனால் பரிசல் இயக்கத் தடை” என்று எழுதியிருந்தால் கதையே வேறு. பிலிகுண்டுலு ஒகேனக்கல்லுக்கு மேலே, காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் இடத்தில் இருக்கிறது. மத்திய நீர் ஆணையம் அங்கேதான் தண்ணீரை அளக்கிறது. அங்கே 40,000 கனஅடி ஓடுகிறது என்றால் இன்றைக்குள் இறங்காது என்று நம் ஊர்க்காரர் யாரும் சொல்லிவிடுவார்கள். பலகையில் “மாலை நேரம் முடிந்தது” என்று இருந்தால் நாளைக் காலை வந்தால் போதும். “பரிசல்கள் எல்லாம் உள்ளே போயிருக்கின்றன” என்று இருந்தால் அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும்.

மூன்றிலும் நடந்தது ஒன்றுதான், பரிசல் கிடைக்கவில்லை. ஆனால் அடுத்து என்ன செய்வது என்பது மூன்றிலும் வேறு. அந்த வேறுபாட்டைத் தீர்மானிப்பவை இரண்டு. ஒன்று, எந்த வகைக் காரணம் என்பது. இன்னொன்று, அந்தக் காரணத்தோடு வரும் விவரம், அதாவது கனஅடி, நேரம் மாதிரியானவை.

நிரலில் பிழை என்று நாம் சொல்வதும் இதேதான். பிழை என்பது ஒரு பொருள். அதற்கு ஒரு வகை உண்டு, அதற்குள் விவரங்கள் உண்டு. திரையில் தெரியும் வாக்கியம், அந்தப் பொருளை வைத்துக் கடைசியில் நாம் எழுதிக்கொள்வது.

எறிவதும் பிடிப்பதும்

ஒரு செயலி மாடி வீடு மாதிரி. மேல் மாடியில் திரை இருக்கிறது. அதற்குக் கீழே “வண்டியைப் பதிவு செய்” என்கிற வேலையைச் செய்யும் பகுதி. அதற்கும் கீழே சர்வரோடு பேசும் பகுதி. மேலே இருப்பவர் கீழே இருப்பவரிடம் வேலை சொல்கிறார். அவர் தனக்குக் கீழே இருப்பவரிடம் சொல்கிறார்.

அடித்தளத்தில் வேலை நடக்கவில்லை என்றால், அங்கிருந்து ஒரு பிழைப் பொருள் மேலே வீசப்படுகிறது. இதற்கு எறிதல் என்று பெயர், கோடில் த்ரோ என்று எழுதுவோம். நடு மாடியில் யாரும் அதைப் பிடிக்கவில்லை என்றால் அது இன்னும் மேலே போகும். எந்த மாடியில் ஒருவர் கை நீட்டி அதை வாங்கிக்கொள்கிறாரோ அங்கே நிற்கும். அது பிடித்தல், கோடில் கேட்ச். ஆண்ட்ராய்டில் கடைசி வரை யாருமே பிடிக்கவில்லை என்றால் செயலி அப்படியே மூடிக்கொள்ளும். கிராஷ் என்று நாம் சொல்வதில் ஒரு பெரும் பங்கு இதுதான். ஐபோன் செயலி எழுதும் மொழியான ஸ்விஃப்டில், எறியக்கூடிய வேலையை அழைத்துவிட்டு அதைப் பிடிக்கவோ மேலே அனுப்பவோ வழி எழுதாமல் விட்டால், கோடு கம்பைல் ஆவதே இல்லை. கம்பைலர் என்பது நாம் எழுதிய கோடை போனுக்குப் புரியும்படி மாற்றித் தரும் கருவி. இந்தக் கட்டுரையில் அது இன்னும் பல தடவை வரும்.

நமக்கென்று ஒரு பிழை வகை

ஐபோனும் ஆண்ட்ராய்டும் தங்களுக்கென்று சில பிழைகளை வைத்திருக்கின்றன. ஐபோனில் இணையம் இல்லை என்றால் கழித்தல் 1009 என்ற எண்ணோடு ஒரு பிழை வரும். நேரம் கடந்துவிட்டால் கழித்தல் 1001. பழைய ஐஓஎஸ் பிழைகள் எல்லாமே, எந்தத் துறைப் பிழை, அதில் எத்தனையாம் எண், கூடுதல் விவரங்கள் அடங்கிய ஒரு பை என்று மூன்று பாகமாகத்தான் இருக்கும்.

ஆனால் ஆப்பிளுக்கு நம் டோக்கன் 47 தெரியாது. “இந்த வண்டி ஏற்கெனவே பதிவாகிவிட்டது” என்பது நம் தொழிலின் பிழை. அதை நாம்தான் உருவாக்க வேண்டும். அப்படி நாமே வரையறுக்கும் பிழையைத்தான் கஸ்டம் எரர் என்கிறார்கள். நான் சொந்தப் பிழை என்றே சொல்கிறேன்.

டோக்கன் செயலிக்கு நான் பிறகு எழுதிய சொந்தப் பிழையின் அமைப்பு, தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

லோடுபிழை
— ஏற்கெனவே பதிவு: டோக்கன் எண், பதிவான நேரம்
— இன்றைய டோக்கன் தீர்ந்தது: அடுத்து திறக்கும் நேரம்
— எடை ஒத்துவரவில்லை: சொன்ன எடை, மேடை எடை
— இணைப்பு இல்லை

ஒரு பெயர், அதற்குக் கீழே நான்கு வகை. மூன்று வகைகளோடு விவரங்கள் ஒட்டிக்கொண்டு வருகின்றன, நான்காவதில் சொல்ல விவரம் எதுவும் இல்லை. ஸ்விஃப்ட் மொழியில் இந்த மாதிரி வகைத் தொகுப்பை எனம் என்பார்கள், ஒட்டிக்கொண்டு வரும் விவரத்தை அசோசியேட்டட் வேல்யூ என்பார்கள். அதை இனி உடன் விவரம் என்று சொல்கிறேன். ஆண்ட்ராய்டு செயலி எழுதும் கோட்லின் மொழியில் இதே வேலையை சீல்டு கிளாஸ் செய்கிறது. சீல்டு என்றால் முத்திரை வைத்தது. பட்டியலில் உள்ள வகைகள் இவ்வளவுதான், வேறு தொகுப்பைச் சேர்ந்த யாரும் வெளியிலிருந்து புதிதாக ஒன்றைச் சேர்க்க முடியாது என்று பொருள்.

இந்த இடத்தில் புதியவர்கள் வழக்கமாகத் தடுக்கி விழும் கல் ஒன்று இருக்கிறது. ஐபோனில் சர்வரோடு பேசப் பயன்படுத்தும் யூஆர்எல்செஷன், சர்வர் “முடியாது” என்று பதில் சொன்னால் அதைப் பிழையாக எறியாது. 409 (ஏற்கெனவே இருப்பதோடு மோதுகிறது) என்ற எண்ணோடு பதில் வந்தாலும், 500 (சர்வரிலேயே கோளாறு) வந்தாலும், அதன் கணக்கில் அது வெற்றிகரமான உரையாடல்தான். கேட்டோம், பதில் வந்தது, அவ்வளவுதான். பேசவே முடியாமல் போனால்தான் எறியும். ஆகவே பதிலின் நிலை எண்ணை நாம் பார்த்து, 409 என்றால் பதிலின் உடலைப் படித்து, அதிலிருந்து டோக்கன் எண்ணை எடுத்து, நம் சொந்தப் பிழையை நாமே உருவாக்கி எறிய வேண்டும். ஆண்ட்ராய்டில் சர்வரோடு பேச ரெட்ரோஃபிட் என்ற கருவியைப் பயன்படுத்தினால் வேறு ஒரு பொறி. பிழைப் பதிலின் உடலை ஒரு தடவைதான் படிக்க முடியும். பதிவேட்டில் எழுதுவதற்காக ஒரு முறை படித்துவிட்டு, விவரம் எடுக்க மறுபடி போனால் காலியாக இருக்கும். ஒரே தடவை படித்து ஒரு மாறியில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கமாகச் சொன்னால்: பிழை ஒரு பொருள். அது கீழிருந்து எறியப்பட்டு மேலே பிடிக்கப்படுகிறது. நம் தொழிலுக்கு ஏற்ற வகைகளும் உடன் விவரங்களும் கொண்ட சொந்தப் பிழையை நாமே செய்துகொள்ளலாம்.

பிடித்தாயிற்று, ஆனால் விவரம் எங்கே?

இனிதான் முக்கியமான இடம். என்னிடம் வரும் பத்தில் எட்டுக் கேள்விகள் இங்கேதான் பிறக்கின்றன. “அண்ணா, டோக்கன் எண்ணை வைத்துத்தான் எறிந்தேன். பிடித்த இடத்தில் எரர் என்று எழுதிப் புள்ளி வைத்தால் டோக்கன் என்று ஒன்று வரவே மாட்டேன் என்கிறதே?”

ஆலை வாசலில் நடப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். எடை மேடையில் இருப்பவர் ஒரு சீட்டு எழுதுகிறார்: “சொன்ன எடை இவ்வளவு, மேடை எடை இவ்வளவு, ஒத்துவரவில்லை.” அதை ஒரு உறைக்குள் போட்டு ஒட்டி, உறைமேல் “புகார்” என்று மட்டும் எழுதி மேலே அனுப்புகிறார். அந்த ஆலையில் எல்லாப் புகாரும் அதே மாதிரி உறையில்தான் போகும். எடைப் புகாரா, பணப் புகாரா, வண்டிப் புகாரா என்று வெளியே பார்த்துத் தெரியாது. மேலாளர் கையில் உறை வந்து சேர்கிறது. உறையைத் தடவிப் பார்த்தால் எடை தெரியுமா? பிரிக்க வேண்டும். பிரித்து, “இது எடைச் சீட்டுதான்” என்று அடையாளம் கண்டபின்தான் அதில் எடை எங்கே எழுதியிருக்கும் என்று பார்க்க முடியும்.

ஸ்விஃப்டில் வெறுமனே கேட்ச் என்று எழுதினால், எரர் என்ற பெயரில் ஒரு பொருள் தானாகக் கையில் வரும். அது அந்த ஒட்டிய உறைதான். கம்பைலருக்குத் தெரிந்தது “இது ஏதோ ஒரு பிழை” என்பது மட்டும். டோக்கன் உள்ளே பத்திரமாக இருக்கிறது, எங்கும் தொலையவில்லை. ஆனால் இது லோடுபிழை என்று இன்னும் யாரும் உறுதி செய்யவில்லை. அதனால்தான் புள்ளி வைத்தால் டோக்கன் வருவதில்லை. கம்பைலர் அப்படித் தடுப்பது நல்லதுதான். உள்ளே பணப் புகார் இருக்கும்போது எடை என்ன என்று கேட்டால் என்ன பதில் சொல்ல முடியும்?

ஆக, விவரம் எடுப்பது இரண்டு படி வேலை. முதலில் இனம் காண வேண்டும், பிறகு உள்ளே இருப்பதை எடுக்க வேண்டும்.

ஸ்விஃப்டில் இரண்டையும் ஒரே வரியில் செய்யலாம். கேட்ச் என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே எந்த வகை வேண்டும் என்பதையும், அதன் உடன் விவரங்களுக்கு என்ன பெயர் வைத்துக்கொள்ளப் போகிறோம் என்பதையும் எழுதிவிடலாம். தமிழ் உருவில்:

பிடி லோடுபிழை.ஏற்கெனவேபதிவு(டோக்கன், நேரம்)
— காட்டு: “இந்த வண்டிக்கு டோக்கன் உள்ளது: ” + டோக்கன்
பிடி லோடுபிழை.டோக்கன்தீர்ந்தது(அடுத்தநேரம்)
— காட்டு: “மறுபடி திறக்கும் நேரம்: ” + அடுத்தநேரம்
பிடி லோடுபிழை
— மற்ற லோடு பிழைகள்
பிடி
— வேறு எதுவானாலும்

முதல் வரியில் உறை பிரிக்கப்பட்டு, சீட்டு அடையாளம் காணப்பட்டு, 47 என்ற எண் டோக்கன் என்ற பெயரில் கைக்கு வந்துவிடுகிறது. இதை வடிவப் பொருத்தம் என்பார்கள். பொருளின் வடிவம் நாம் எழுதிய வடிவத்தோடு ஒத்துப்போனால் மட்டும் அந்தக் கிளை ஓடும்.

வரிசையைக் கவனியுங்கள். மேலிருந்து கீழே ஒவ்வொரு கிளையாகத்தான் பார்க்கப்படும், முதலில் எது பொருந்துகிறதோ அது ஓடும். குறிப்பான வகைகள் மேலேயும் பொதுவானது கடைசியிலும் இருக்க வேண்டும். “வேறு எதுவானாலும்” என்பதை முதலில் எழுதிவிட்டால் எல்லாம் அதிலேயே விழுந்துவிடும். வீட்டில் கேழ்வரகு சலிக்கும்போது பெரிய கண் சல்லடையையும் சிறிய கண் சல்லடையையும் மாற்றிப் பிடித்தால் என்ன ஆகும் என்று நம் அம்மாக்களுக்குத் தெரியும்.

சில சமயம் பிழை கேட்ச் வழியாக வராமல், ஒரு மாறியில் வந்து நிற்கும். அப்போது ஸ்விஃப்டில் ஏஸ் என்ற சொல்லோடு கேள்விக்குறி போட்டு, “இது லோடுபிழையா? ஆமாம் என்றால் அப்படியே கொடு, இல்லை என்றால் ஒன்றும் தராதே” என்று கேட்கலாம். அங்கே கேள்விக்குறிக்குப் பதில் ஆச்சரியக்குறி போட வேண்டாம். அது “லோடுபிழைதான், சந்தேகமே இல்லை” என்று அடித்துச் சொல்வது. வேறு பிழை வந்த அன்று, பிழையைச் சமாளிக்க எழுதிய கோடே செயலியைக் கவிழ்த்துவிடும்.

கோட்லினில் இந்த வேலை இன்னும் இயல்பாக இருக்கும். வென் என்ற கட்டமைப்புக்குள் “இது ஏற்கெனவேபதிவு வகையா” என்று இஸ் போட்டுக் கேட்டால், ஆமாம் என்ற கிளைக்குள் நுழைந்ததும் அதே மாறியில் புள்ளி வைத்து டோக்கனை எடுத்துக்கொள்ளலாம். இனம் கண்டபின் கம்பைலரே அதை அந்த வகையாக நடத்துகிறது, தனியாக மாற்ற வேண்டியதில்லை. ஐபோன், ஆண்ட்ராய்டு இரண்டுக்கும் சேர்த்து ஃப்ளட்டரில் எழுதுபவர்களுக்கு, அதன் மொழியான டார்ட்டில் ஆன் என்ற சொல் இருக்கிறது, வகையின் பெயரை அதன் பக்கத்தில் எழுதிப் பிடிக்கலாம். கருத்து எல்லாவற்றிலும் ஒன்றே.

மறுபடி ஒரு தடவை: பிடித்த பிழை ஒட்டிய உறை. விவரம் உள்ளே இருக்கிறது. எந்த வகை என்று கேட்டு உறுதி செய்த பிறகே கைக்கு வரும். குறிப்பானதை முதலில், பொதுவானதைக் கடைசியில்.

வாக்கியத்திலிருந்து எண்ணைப் பொறுக்க வேண்டாம்

உறையைப் பிரிக்கத் தெரியாதவர்கள் ஒரு குறுக்கு வழி பிடிப்பார்கள். பிழையை வாக்கியமாக மாற்றி, அந்த வாக்கியத்தில் “டோக்கன்” என்ற சொல் இருக்கிறதா என்று தேடி, அதற்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணை வெட்டி எடுப்பது. முதல் நாள் வேலை செய்யும். சர்வர் எழுதுபவர் “டோக்கன் 47” என்பதை “47ஆம் டோக்கன்” என்று மாற்றினால் அன்றைக்கே உடையும். பயனர் போனின் மொழியைத் தமிழிலிருந்து கன்னடத்துக்கு மாற்றினால் உடையும். ஓசூர் பக்கம் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே வீட்டில் புழங்கும். என் செயலியில் இது வெறும் கற்பனைக் கவலை இல்லை.

வாக்கியம் மனிதர் படிப்பதற்கு. முடிவெடுக்க வேண்டிய கோடுக்கு வகையையும் விவரத்தையும் தனித்தனி மதிப்பாகக் கொடுங்கள்.

“பிழை 1” என்று வருவது ஏன்?

ஐபோனில் சொந்தப் பிழை எழுதிப் பார்த்த எல்லோரும் இதைச் சந்தித்திருப்பார்கள். பிழையிடம் லோக்கலைஸ்டு டிஸ்கிரிப்ஷன் என்ற வாக்கியத்தைக் கேட்டால், செயல்பாட்டை முடிக்க முடியவில்லை என்றும், செயலியின் பெயர், பிழையின் பெயர், ஓர் எண் என்றும் ஆங்கிலத்தில் ஒரு வரி வரும். நாம் எழுதிய அழகான தமிழ் வாக்கியம் வராது.

அந்த எண் நாம் கொடுத்தது அல்ல. பட்டியலில் அந்த வகை எங்கே நிற்கிறது என்பதை வைத்து மொழி தானாகப் போட்டுக்கொள்வது. இடையில் ஒரு வகையைச் சேர்த்தால் எண் மாறிவிடலாம். அதை நம்பி எதுவும் எழுதக் கூடாது.

சரி, நம் வாக்கியம் ஏன் வரவில்லை? பலர் தங்கள் பிழைக்குள் லோக்கலைஸ்டு டிஸ்கிரிப்ஷன் என்றே ஒரு பண்பை எழுதிவிட்டு, அது வேலை செய்யும் என்று நம்புகிறார்கள். கையில் இருப்பது ஒட்டிய உறை என்பதை மறந்துவிடுகிறோம். உறையிடம் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால், உறைக்கே உரிய பொதுவான பதில்தான் வரும். உள்ளே இருக்கும் சீட்டில் அதே பெயரில் நாம் எழுதி வைத்தது கேட்கப்படாது.

ஸ்விஃப்ட் 3 வந்த 2016இலிருந்து இதற்கு முறையான வழி இருக்கிறது. லோக்கலைஸ்டு எரர் என்பது ஒரு புரோட்டோகால், அதாவது “என்னிடம் இன்னின்ன விவரம் கேட்டால் கிடைக்கும்” என்று ஒரு வகை எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தம். நம் பிழையை அந்த ஒப்பந்தத்தில் சேர்த்து, எரர் டிஸ்கிரிப்ஷன் என்ற பண்பில் வாக்கியத்தைக் கொடுத்தால், உறையிடம் கேட்டாலும் நம் வாக்கியமே வரும். அதே ஒப்பந்தத்தில் காரணம் சொல்ல ஒரு பண்பும், பயனர் அடுத்து என்ன செய்யலாம் என்று சொல்ல ஒரு பண்பும் இருக்கின்றன. இந்த இரண்டாவதை யாரும் எழுதுவதே இல்லை. லோடோடு நிற்பவருக்கு அதுதான் முதலில் வேண்டும்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, எனக்கு அரை நாளைத் தின்றது. எரர் டிஸ்கிரிப்ஷன் பண்பின் வகை வெறும் சரம் (எழுத்துத் தொடர், ஸ்ட்ரிங்) அல்ல, கேள்விக்குறியோடு கூடிய சரம். அதாவது வாக்கியம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அந்தக் கேள்விக்குறியை விட்டுவிட்டு எழுதினால் கம்பைலர் குறை சொல்லாது, கோடு ஓடும், ஆனால் பழைய ஆங்கில வரியே வரும். ஒப்பந்தம் கேட்ட பண்பை நாம் எழுதவே இல்லை, அதே பெயரில் வேறு ஒன்றை எழுதியிருக்கிறோம் என்று அது எடுத்துக்கொள்கிறது. எல்லாம் சரியாக இருந்தும் வாக்கியம் வரவில்லை என்றால் முதலில் அந்தக் கேள்விக்குறியைத் தேடுங்கள்.

நடு மாடியில் தொலையும் விவரம்

மேலே சொன்ன எல்லாம் சரியாக இருந்தும் விவரம் தொலைய ஒரு வழி இருக்கிறது. என் செயலியில் நடந்தது இதுதான். அடித்தளம் விவரத்தோடு எறிந்தது. நடு மாடி அதைப் பிடித்து, உள்ளே பார்க்காமல், “பதிவு தோல்வி” என்று புதிதாக ஒரு பிழை எழுதி மேலே எறிந்தது. 47 அங்கேயே குப்பைக்குப் போனது. திரை எழுதியவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இல்லாததை எடுக்க முடியாது. இரண்டு பகுதியையும் எழுதியவன் நானே என்பதால் வேறு யாரையும் கேட்க வழியில்லை.

நடு மாடியில் பிழையை மாற்றி எறிவதே தப்பு என்று சொல்ல வரவில்லை. சில சமயம் மாற்றத்தான் வேண்டும். சர்வர் 409 என்கிறது, திரைக்கு 409 என்றால் என்னவென்று தெரிய வேண்டியதில்லை. ஆனால் மாற்றும்போது பழைய சீட்டைப் புதிய உறைக்குள்ளேயே வைத்து அனுப்ப வேண்டும். நம் ஊரில் பழைய கிரயப் பத்திரத்தைப் புதியதோடு சேர்த்துக் கட்டி வைப்போமே, அந்த மாதிரி.

கோட்லினில் இதற்கு இடம் ஏற்கெனவே இருக்கிறது. ஒவ்வொரு எக்ஸெப்ஷனுக்கும் செய்தி என்று ஒன்றும் மூலக் காரணம் என்று ஒன்றும் உண்டு. எக்ஸெப்ஷன் என்பது பிழைக்கு அங்கே வழங்கும் பெயர். மூலக் காரணத்தை காஸ் என்று எழுதுவார்கள். புதிய பிழையை உருவாக்கும்போது பழையதைக் காஸ் இடத்தில் கொடுத்துவிட்டால், பின்னால் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து அடித்தளம் வரை போய்ப் பார்க்கலாம். கிராஷ் அறிக்கைகளில் “இதற்குக் காரணம்” என்று அடுக்கடுக்காக வருவது இதை வைத்துத்தான். ஸ்விஃப்டில் தானாக அப்படி ஓர் இடம் கிடையாது. நம் பிழையின் உடன் விவரத்தில் “உள்ளே இருந்த பிழை” என்று ஒன்றை நாமே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மாற்ற வேண்டிய தேவை இல்லை, பதிவேட்டில் எழுதிவிட்டு அனுப்பினால் போதும் என்றால், பிடித்த அதே பொருளை மறுபடி எறியுங்கள். டார்ட் மொழியில் இதற்கென்றே ரீத்ரோ என்று ஒரு சொல் இருக்கிறது, பிழை முதலில் பிறந்த இடத்தின் தடயமும் அழியாமல் போகும்.

எதுவும் செய்யாமல் காலியாக விட்ட கேட்ச் கிளை இவை எல்லாவற்றையும் விட மோசம். உறையை வாங்கி அப்படியே அடுப்பில் போடுவது அது.

எடுத்த விவரத்தை யாரிடம் காட்டுவது

விவரம் கைக்கு வந்துவிட்டது என்பதால் எல்லாவற்றையும் திரையில் கொட்டக் கூடாது. விவசாயிக்குத் தேவை டோக்கன் எண்ணும் அடுத்த வழியும். 409 என்பதும், எந்தக் கோப்பில் எத்தனையாம் வரி என்பதும் எனக்குத் தேவை, அவை பதிவேட்டுக்குப் போகட்டும். அந்தப் பதிவேட்டிலும் ஒரு எச்சரிக்கை: பிழையின் உடன் விவரத்தில் போன் எண், வங்கிக் கணக்கு மாதிரி ஏதாவது இருந்தால், பொருளை முழுசாக எழுதும்போது அதுவும் சேர்ந்து எழுதப்பட்டுவிடும். பிழைக்குள் அவற்றை வைக்காமல் இருப்பதுதான் பாதுகாப்பு.

கம்பைலரைக் காவலுக்கு வைப்பது

இந்த சீசனுக்கு முன்னால் லோடுபிழையில் ஐந்தாவதாக ஒரு வகை சேர்த்தேன்: “ரகம் மாறியிருக்கிறது”. பெங்களூரா என்று பதிவு செய்துவிட்டு நீலம் ஏற்றி வந்தால் வருவது. சேர்த்ததும் திரைப் பகுதியில் மூன்று இடங்களில் கம்பைலர் சிவப்புக் கோடு போட்டது. ஒவ்வொரு வகைக்கும் தனித்தனிக் கிளை எழுதியிருந்த இடங்கள் அவை. “ஐந்தாவதுக்கு என்ன செய்ய?” என்று கேட்கிறது. ஸ்விஃப்டின் ஸ்விட்ச், கோட்லினின் வென், இரண்டும் மூடிய பட்டியலுக்கு இப்படிக் காவல் காக்கும். கோட்லினில் 1.7 பதிப்பிலிருந்து இது எச்சரிக்கை நிலையைத் தாண்டிக் கண்டிப்பான பிழையே ஆகிவிட்டது. டார்ட்டிலும் 2023இல் வந்த மூன்றாம் பதிப்பு முதல் மூடிய வகைகள் உண்டு.

ஆனால் அந்த இடங்களில் “மற்றவை எல்லாம்” என்று ஒரு பொதுக் கிளை எழுதியிருந்தால் இந்தக் காவல் கிடைக்காது. ஐந்தாவது வகை சத்தமில்லாமல் அதில் விழும், திரையில் மறுபடி “பிழை ஏற்பட்டது” என்று வரும். ஆகவே என் வழக்கம் இது: உறை ஒட்டியிருக்கும் வரை, அதாவது கேட்ச் இடத்தில், கடைசியில் ஒரு பொதுக் கிளை வைப்பேன், அது அங்கே தேவை. லோடுபிழை என்று இனம் கண்டபின், அதன் வகைகளைப் பிரிக்கும் இடத்தில் பொதுக் கிளை வைக்க மாட்டேன்.

2024இல் வந்த ஸ்விஃப்ட் 6, எந்த வகைப் பிழை எறியப்படும் என்பதைச் செயல்பாட்டின் (ஃபங்ஷனின்) தலைப்பிலேயே எழுதிவைக்க வழி கொடுத்திருக்கிறது. அப்படி எழுதினால் பிடிக்கும் இடத்தில் ஒட்டிய உறை வராது, லோடுபிழையாகவே கைக்கு வரும், நேரே பிரிக்கலாம். ஒரு சின்ன செயலிக்குள், நாமே எறிந்து நாமே பிடிக்கும் இடங்களில் இது வசதி. பல பேர் தங்கள் செயலியில் சேர்த்துப் பயன்படுத்தும் கோடுத் தொகுப்பு, அதாவது நூலகம், எழுதினால் கொஞ்சம் யோசியுங்கள். இன்றைக்கு எழுதிய தலைப்பை நாளைக்கு மாற்றினால் அதைப் பயன்படுத்துபவர்கள் எல்லோருடைய கோடும் மாற வேண்டியிருக்கும்.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், உங்கள் செயலியின் கோடைத் திறந்து கேட்ச் என்று தேடுங்கள். வரும் ஒவ்வொரு இடத்திலும் உள்ளே காலியாக இருக்கிறதா, வெறும் பிரிண்ட் மட்டும் இருக்கிறதா, புதுப் பிழை எறிந்து பழையதை விட்டுவிட்டதா என்று பாருங்கள். நான் தேடியபோது 31 இடங்கள் வந்தன. அதில் 19 இடங்களில் விவரம் தொலைந்துகொண்டிருந்தது. ஒரு வார மாலைகளில் சரி செய்து முடித்தேன். இப்போது அதே வண்டிக்கு மறுபடி பதிவு போட்டால், திரையில் பெரிய எழுத்தில் டோக்கன் எண்ணும், அதற்குக் கீழே வரிசையில் இன்னும் எத்தனை வண்டி முன்னால் நிற்கிறது என்பதும் வருகிறது.